நானாவின் புத்தகமும் வாப்பாவின் கடன் கொப்பியும்

எங்கள் வீட்டில் பணத்தைப் பற்றிப் பேசும் நூல்கள் மூன்று இருக்கின்றன. ஒன்று, கொழும்பில் வருடந்தோறும் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் நானா வாங்கி வந்த 'பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை'. இரண்டாவது, வர்த்தகப் பிரிவு மாணவியான எனது கணக்கீட்டுப் பாடநூல். மூன்றாவதை எந்தக் கண்காட்சியிலும் வாங்க முடியாது. அது எங்கள் பலசரக்குக் கடையின் லாச்சிக்குள் கிடக்கும் நீல மட்டைக் கடன் கொப்பி. மூன்றையும் நான் வாசித்திருக்கிறேன். மூன்றும் ஒன்றோடொன்று சண்டை பிடிப்பதையும் பார்த்திருக்கிறேன். அந்தச் சண்டையில் எனக்குத் தோன்றிய சில கருத்துக்களைத் தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். நானாவின் அனுமதியோடுதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நானா உயர்தரப் பரீட்சை எழுதி, வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் குறைவாக எடுத்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் இருந்த காலம் அது. கண்காட்சிக்குப் போய் வந்த இரவே அந்தப் புத்தகத்தைத் திறந்தார். மறுநாள் மஃரிபுக்கு முன் முடித்துவிட்டார். இராச் சாப்பாட்டின்போது, "வாப்பா, இந்தப் புத்தகத்தின்படி பார்த்தா நீங்க ஏழைத் தந்தை" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். வாப்பா சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை. "இருபத்திரண்டு வருஷமா சோறு போட்டவருக்கு ஒரு புத்தகம் பட்டம் குடுக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. ஒரு புத்தகத்தால் ஒரு தகப்பனுக்குப் பட்டம் கொடுக்க முடியுமா? முடியும் என்பதுதான் உண்மை. பணத்தைப் பற்றிய நூல்கள் சேமிக்கும் வழியை மட்டும் சொல்வதில்லை. யாரை மதிக்க வேண்டும், யாரைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டும் என்பதையும் சத்தமில்லாமல் சொல்லிக் கொடுத்துவிடுகின்றன. ஆகவே அவற்றை வாசிக்கும்போது மற்ற நூல்களை வாசிப்பதை விட இருமடங்கு விழிப்பு வேண்டும் என்பதே எனது வாதம்.

ரொபர்ட் கியோசாக்கி எழுதிய அந்த நூல் 1997ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் இரண்டு தந்தையர் வருகிறார்கள். ஒருவர் நன்றாகப் படித்து, கல்வித்துறையில் சம்பளத்துக்கு வேலை செய்தவர். அவர்தான் ஏழைத் தந்தை. மற்றவர் அதிகம் படிக்காமல் தொழில்கள் நடத்திச் செல்வந்தரானவர். சம்பளத்தை மட்டும் நம்பியிருக்காதே, உனது பணம் உனக்காக உழைக்கட்டும் என்பது நூலின் சாரம். இதில் நல்ல விடயம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். பதின்மூன்று வருடங்கள் பாடசாலையில் படித்தும், ஒரு கடன் பத்திரத்தை வாசித்து விளங்கிக்கொள்ள நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாடசாலை பணத்தைப் பற்றிச் சொல்லித் தருவதில்லை என்ற அவரது குறை எங்களுக்கும் பொருந்தும்.

ஆனால் நூலின் நடுப்பகுதிக்கு வந்தபோது கணக்கீட்டு மாணவியாக எனக்குள் ஓர் இடறல். சட்டைப்பைக்குள் பணத்தைக் கொண்டு வருவது சொத்து, பையிலிருந்து பணத்தை வெளியே எடுப்பது பொறுப்பு என்று அவர் விளக்குகிறார். அதன்படி நாம் குடியிருக்கும் சொந்த வீடு கூடச் சொத்து அல்ல, பொறுப்பு ஆகிவிடுகிறது. எங்கள் பாடநூல் அப்படிச் சொல்லவில்லை. எதிர்காலத்தில் பொருளாதார நன்மை தரக்கூடியதும் நமது கட்டுப்பாட்டில் இருப்பதுமான வளம் சொத்து. பிறருக்குச் செலுத்த வேண்டிய கடப்பாடு பொறுப்பு. கியோசாக்கியின் விளக்கத்தைப் பரீட்சையில் எழுதினால் புள்ளி கிடைக்காது. கடனுக்கு ஆடம்பர வீடு வாங்காதே என்று எச்சரிப்பதற்காக அவர் சொற்களின் பொருளை வளைத்திருக்கிறார். எச்சரிக்கை நல்லது. ஆனால் சொல் வளைந்தால் சிந்தனையும் வளைந்துவிடும். பையில் பணத்தைக் கொண்டு வராத எதுவும் பாரம் என்று நினைக்கத் தொடங்கினால், வயதான உம்மும்மா என்ன? படித்துக்கொண்டிருக்கும் தங்கை என்ன? இந்தக் கேள்வி நான் கற்பனையில் கேட்டதல்ல. அந்த நாட்களில் நானா வீட்டில் எல்லாவற்றையும், எல்லோரையும் அந்த இரண்டு பெட்டிகளுக்குள் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வகை நூல்கள் இன்று நேற்றுத் தோன்றியவை அல்ல. ஜோர்ஜ் கிளேசன் எழுதிய 'பாபிலோனின் மிகப்பெரிய பணக்காரன்' 1926இல் நூலானது. சம்பாதிப்பதில் பத்தில் ஒன்றையாவது உனக்காக ஒதுக்கி வை என்று பழங்காலக் கதைகள் மூலம் அது சொல்கிறது. அக்கதைகள் முதலில் சிறு பிரசுரங்களாக வந்தன. வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் அவற்றைப் பெருந்தொகையாக மக்களுக்கு விநியோகித்தன. சேமி என்ற புத்திமதியை வங்கியே அச்சிட்டுக் கொடுத்ததென்றால் அதில் வங்கிக்கும் ஓர் இலாபம் இருக்கிறதல்லவா? அதனால் புத்திமதி பொய்யாகிவிடாது. ஆனால் யார் செலவில் இந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது என்று கேட்கும் பழக்கம் வாசகருக்கு வேண்டும்.

நெப்போலியன் ஹில் எழுதி 1937இல் வெளிவந்த நூல் இன்னொன்று. நினைத்தால் செல்வந்தராகலாம் என்பது அதன் அடிப்படை. அது வெளிவந்த காலத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம் இன்னும் தீராத காலம். இலட்சக்கணக்கானோர் வேலை இழந்திருந்தார்கள். அத்தகையோரின் கையில், உனது வறுமைக்கு உனது மனமே காரணம் என்று சொல்லும் நூலைக் கொடுத்தால் என்ன நடக்கும்? சிலருக்கு ஊக்கம் பிறக்கும். பலருக்குக் குற்றவுணர்வு பிறக்கும். மூடப்பட்ட தொழிற்சாலைக்கும் வங்குரோத்தான வங்கிக்கும் தொழிலாளியின் ஆசைக் குறைவு காரணமல்ல என்பதை அந்த நூல் சொல்லாது.

இதை விளங்கிக்கொள்ள நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்கமாட்டோம். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த முடியாதென்று நமது நாடு அறிவித்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவளவில் நின்றது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதமானது. உம்மும்மா ஹஜ் பெருநாளைக்கென்று பழைய பால்மாப் பேணியில் சேர்த்து வைத்த பணம் அப்படியேதான் இருந்தது. ஒரு தாள்கூடக் குறையவில்லை. ஆனால் முந்திய வருடம் 1000 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு 1698 ரூபா வேண்டியிருந்தது. அதாவது பேணியிலிருந்த ஒவ்வோர் ஆயிரமும் 589 ரூபாவின் பெறுமதிக்கு இறங்கிவிட்டது. உம்மும்மா பாபிலோன் புத்தகத்தை வாசித்ததில்லை. ஆனாலும் அது சொன்னபடிதான் நடந்தார். பத்தில் ஒன்றை ஒதுக்கினார், பொறுமையாகச் சேர்த்தார். ஒரு நாட்டின் நாணயம் விழும்போது தனிமனித சிக்கனம் எவ்வளவு சிறியது என்பதை அன்று அந்தப் பேணி எனக்குப் படிப்பித்தது. கேஸ் சிலிண்டருக்காக விடிய விடிய வரிசையில் நின்ற மனிதர்கள் பணக்காரராக நினைக்கத் தவறியதாலா அங்கு நின்றார்கள்?

இனி நானாவின் கதைக்கு வருகிறேன். புத்தகம் வாசித்துச் சில மாதங்களில் அவரது பழைய நண்பன் ஒருவன் கூட்டமொன்றுக்கு அழைத்துப் போனான். ஒரு ஹோட்டல் மண்டபம், டை கட்டிய பேச்சாளர்கள், மேசையில் நானா வாசித்த அதே புத்தகம். ஒருவர் பணம் கட்டிச் சேர வேண்டும். பின்னர் அவருக்குக் கீழே ஆறு பேரைச் சேர்க்க வேண்டும். அந்த ஆறு பேரும் தலா ஆறு பேரைச் சேர்ப்பார்கள். உட்கார்ந்த இடத்தில் வருமானம் வரும். பணமே உனக்காக உழைக்கும்.

நானாவிடம் பணம் இல்லை. வாப்பாவிடம் கேட்டார். வாப்பா "எனக்கு விளங்கல்ல மகன்" என்றார். உம்மாவிடம் கேட்டார். உம்மா தனது மஹர் காப்பு இரண்டையும் கழற்றி அவர் கையில் வைத்தார். "அடகு வைக்காத, வட்டி சேரும். வித்திடு" என்றார். என்ன வியாபாரம், எப்படி இலாபம் வரும், நட்டப்பட்டால் என்ன என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எட்டு மாதங்களில் அந்த நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. நண்பனும் பணத்தை இழந்திருந்தான். அவனை அழைத்தவரும் இழந்திருந்தார்.

அந்த ஆறின் கணக்கை நான் பிறகுதான் போட்டுப் பார்த்தேன். 6, 36, 216, 1296, 7776, 46,656, 279,936, 1,679,616. எட்டாவது படியிலேயே பதினாறு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒன்பதாவது படியில் ஒரு கோடிக்கு மேல். பத்தாவது படிக்கு ஆறு கோடி பேர் வேண்டும். இலங்கையின் முழுச் சனத்தொகையே இரண்டேகால் கோடியை எட்டாது. தொட்டில் பிள்ளையைச் சேர்த்தாலும் ஆள் போதாது. இதற்குப் பெரிய பொருளியல் அறிவு தேவையில்லை, பெருக்கல் தெரிந்தால் போதும். இத்தகைய பிரமிட் திட்டங்களை நடத்துவதும் விளம்பரப்படுத்துவதும் ஆள் சேர்ப்பதும் வங்கிச் சட்டத்தின் 83சீ பிரிவின்கீழ் நமது நாட்டில் குற்றம். மத்திய வங்கி இதுபற்றித் தொடர்ந்து எச்சரித்தும் வருகிறது. நானா உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்தவர். பெருக்கல் தெரியாதவரா அவர்?

பிறகு ஒருநாள் நானாவிடமே கேட்டேன். "கணக்குப் போட்டுப் பாக்கணும் என்டு தோணல்லயா நானா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார், "தோணிச்சு. ஆனா சந்தேகப்படுறவன் ஏழையாவே இருப்பான் என்டு நெனச்சிட்டன்."

திரும்ப அந்த நூலை எடுத்துப் பார்த்தேன். முன்னேற்றத்துக்குத் தடையாக இருப்பவை என்று அவர் பட்டியலிடும் ஐந்தில் பயமும் அவநம்பிக்கையும் முதலில் வருகின்றன. நூலாசிரியர் மோசடித் திட்டத்தில் சேரச் சொல்லவில்லை, அந்தப் பழியை அவர்மீது சுமத்துவது நியாயமில்லை. ஆனால் கேள்வி கேட்பதற்குப் பயம் என்று பெயர் வைத்துவிட்டால், கேள்வி கேட்க வெட்கம் வந்துவிடும். மோசடிக்காரனுக்கு வேண்டியது அந்த வெட்கம்தான். கியோசாக்கிக்குச் சொந்தமான ஒரு நிறுவனமே 2012இல் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. அதைச் சொல்லிச் சிரிப்பது எனது நோக்கமல்ல. செல்வத்தைப் பற்றி எழுதியவருக்கும் தொழிலில் சறுக்கல் உண்டு என்பதை அறிந்திருந்தால், அந்த நூலை வேதம் போல நானா கையில் எடுத்திருக்கமாட்டார்.

அப்படியானால் பணத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் ஈமானுக்கு நல்லதா? சில பெரியவர்கள் அப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது, சாட்சி வைப்பது பற்றியது. ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம். சிறிதோ பெரிதோ எழுதச் சலிப்படைய வேண்டாம் என்று அங்கு அறிவுறுத்தப்படுகிறது. மதீனாவுக்கு வெறுங்கையுடன் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு அன்ஸாரித் தோழர் ஒருவர் தன் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அவர் பரகத்துக்காகத் துஆச் செய்துவிட்டு, சந்தைக்குப் போகும் வழியைத்தான் கேட்டார். கதீஜா நாயகி (ரழி) வணிகம் செய்தவர். வறுமையைப் புகழும் மார்க்கமல்ல நம்முடையது.

அறிஞர்களும் பணத்தைப் பற்றி எழுதத் தயங்கவில்லை. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் தங்க வெள்ளி நாணயங்களைக் கண்ணாடிக்கு ஒப்பிடுகிறார். கண்ணாடிக்குத் தனக்கென்று நிறமில்லை, ஆனால் எல்லா நிறத்தையும் காட்டும். அவற்றைப் பதுக்கி வைப்பவர் மக்களிடையே தீர்ப்பளிக்க வேண்டியவரைச் சிறையில் அடைத்தவரைப் போன்றவர் என்ற கருத்தையும் முன்வைக்கிறார். இப்னு கல்தூன் 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் மனிதனின் சம்பாத்தியம் அவனது உழைப்பின் பெறுமதி என்று விளக்குகிறார். யாருடைய உழைப்பும் இல்லாமல் ஆள் சேர்ப்பதால் மட்டும் வருமானம் வரும் என்று யாராவது சொன்னால், இப்னு கல்தூனை வாசித்தவர் கேட்கும் முதற் கேள்வி என்னவாக இருக்கும்? தமிழ் மாணவியருக்கு வள்ளுவரும் இருக்கிறார். பொருள் தேடுவதற்கென்று ஓர் அதிகாரம், பயன்படாத செல்வத்துக்கு ஓர் அதிகாரம், வறுமையின் கொடுமைக்கு ஓர் அதிகாரம் எழுதியவர் அவர். வரவு சிறிதானாலும் செலவு வாய்க்கால் அகலாதிருந்தால் கேடில்லை என்ற கருத்தை ஒன்றேமுக்கால் அடியில் சொல்லிவிட்டார். நாம் அவரை மனப்பாடம் செய்து புள்ளி எடுக்கிறோம். வீட்டுச் செலவுக்குப் பயன்படுத்துவதில்லை.

புதிய நூல்களிலும் நல்லவை உண்டு. மோர்கன் ஹௌசல் 2020இல் எழுதிய 'பணம்சார் உளவியல்' அத்தகையது. எரிபொருள் நிலையத்திலும் துப்புரவுப் பணியிலும் வேலை செய்த ரொனால்ட் ரீட் என்ற அமெரிக்கரைப் பற்றி அது சொல்கிறது. 2014இல் 92ஆவது வயதில் அவர் இறந்தபோது அவரிடம் 80 இலட்சம் டொலர் இருந்தது. அதில் பெரும்பகுதியை ஊரின் வைத்தியசாலைக்கும் நூலகத்துக்கும் எழுதி வைத்திருந்தார். சிறு சிறு சேமிப்பை நல்ல பங்குகளில் இட்டுப் பொறுமையாக இருந்ததுதான் அவரது இரகசியம். இதை வாசித்து மகிழ்ந்தேன். ஆனாலும் உம்மும்மாவின் பேணி நினைவுக்கு வந்தது. பொறுமைக்குப் பலன் கிடைக்க வேண்டுமென்றால், அந்தப் பொறுமையைத் தாங்கிக்கொள்ளும் நாணயமும் நாடும் வேண்டும். அத்தோடு வட்டியைத் தவிர்த்து நடக்க விரும்பும் நாம், இந்த நூல்கள் சொல்லும் ஒவ்வொரு முதலீட்டையும் ஹலாலா என்று தனியே கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையை நூலாசிரியர் நமக்காகச் செய்யமாட்டார்.

இனி மூன்றாவது நூலுக்கு, வாப்பாவின் கடன் கொப்பிக்கு வருகிறேன். சாதாரண தரப் பரீட்சை விடுமுறையில் கணக்கீட்டில் எனக்கிருந்த ஆர்வத்தால் அதைக் கூட்டிப் பார்க்கக் கேட்டேன். 2022ஆம் ஆண்டின் பக்கங்கள் தடித்திருந்தன. அரிசி, மா, சீனி, பருப்பு, பால்மா. பதினோரு குடும்பங்களின் பக்கங்களில் ஒரு கோடு குறுக்கே இழுக்கப்பட்டிருந்தது. மொத்தம் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரம் ரூபா. "வாப்பா, இதை அறவிட முடியாக் கடன் என்டு எழுதணும்" என்றேன், புதிதாகக் கற்ற சொல்லைப் பாவிக்கும் பெருமையில். வாப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார், "மகள், அது தராதவங்கட கணக்கில்ல. தர ஏலாதவங்கட கணக்கு."

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் வாப்பா வென்றார், புத்தகம் தோற்றது என்று ஆகிவிடும். ஆனால் உண்மை அவ்வளவு இலகுவானதல்ல. அந்த ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்தை யாரோ ஒருவர் செலுத்தத்தான் வேண்டியிருந்தது. கடையின் முதல் குறைந்தது. மொத்த வியாபாரிக்குக் கடன் ஏறியது. எனது கணித வகுப்பு நான்கு மாதம் நின்றது. உம்மா அந்த வருடம் தனக்கென்று ஒரு சாமானும் வாங்கவில்லை. வாப்பாவின் தர்மத்தில் எங்கள் எல்லோரது பங்கும் இருந்தது. ஆனால் எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கஷ்டப்படுபவருக்கு அவகாசம் கொடுப்பதையும் விட்டுக்கொடுப்பதையும் அல்குர்ஆன் சிறப்பித்துச் சொல்கிறது. அதே அல்குர்ஆன் கணக்கை எழுதி வைக்கவும் சொல்கிறது. வாப்பா முதலாவதை நிறைவாகச் செய்தார். இரண்டாவதில் அரைவாசிதான் செய்தார். யார் தர ஏலாதவர், யார் தர மனமில்லாதவர் என்று அவரது கொப்பியில் பிரிவில்லை. கடைக் காசு எது, வீட்டுக் காசு எது என்றும் பிரிவில்லை. கடை வேறு, கடைக்காரர் வேறு என்பது கணக்கீட்டின் முதற்பாடம். இதைத்தான் நானாவும் தனது புத்தகத்தை வைத்துக்கொண்டு சொல்ல முயன்றார். சொன்ன விதம் பிழையே தவிர, சொன்ன விடயம் முழுவதும் பிழையல்ல.

இன்று அந்தக் கொப்பி மாறியிருக்கிறது. நான் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கு எடுக்கும் ஒவ்வொரு பாணும் எடுப்பனவாக எழுதப்படுகிறது. வாப்பா மாதம் ஒரு குறிப்பிட்ட தொகையைத்தான் வீட்டுக்குக் கொண்டு வருகிறார். அது நானா சொன்ன யோசனை. கைவிடும் கடன்களுக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. அதில் கோடு இழுக்கும் முன் வாப்பா உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கிறார். கடைசிப் பக்கத்தில் ஒரு கடன் இருக்கிறது: 'மகன் – உம்மாவின் காப்பு இரண்டு, மூன்று பவுன்.' ரூபாவில் எழுதலாமே, தங்கம் விலை ஏறிவிட்டதே என்று நானா முறைப்பட்டார். "உன் கையில வெச்சது காசில்ல, காப்பு" என்றார் உம்மா. அவர் முதல் தடவையாகப் பணத்தைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னதை அன்றுதான் கேட்டேன். நானா ஒரு வன்பொருள் கடையில் கணக்கு எழுதும் வேலை செய்து மாதாமாதம் அந்தக் கடனுக்கென்று ஒதுக்கி வருகிறார். ஒரு காப்பு திரும்பிவிட்டது.

இதில் எனது தோழியருக்கு ஒரு செய்தி இருக்கிறது. நான் இங்கு குறிப்பிட்ட நூல்களில் பெண்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று தேடிப் பாருங்கள். தந்தையும் மகனும், எசமானும் சீடனும்தான் பணத்தைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். நமது வீடுகளிலும் அதே கதைதான். பெண்பிள்ளைக்குப் பணம் என்றால் நகை, அல்லது சீதனம். ஆனால் ஆண்கள் சம்பாதித்ததில் ஆண்களுக்குப் பங்குண்டு, பெண்கள் சம்பாதித்ததில் பெண்களுக்குப் பங்குண்டு என்பது நமது வேதத்தின் போதனை. மஹர் மணப்பெண்ணின் சொத்து. அவளது அனுமதியின்றி யாரும் தொட முடியாது. உம்மாவுக்கு அந்த உரிமை இருந்தது. அந்த உரிமையோடு கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. காப்பைக் கழற்றுவது அவருக்குத் தெரிந்திருந்தது. "எங்க, எப்படி, எத்தனை நாளைக்கு?" என்று கேட்பதற்கு எந்த நூலும் அவர் கைக்கு வந்து சேரவில்லை.

ஆகவே பணத்தைப் பற்றிய நூல்களைத் தடுக்க வேண்டாம். வாசிப்போம். ஆனால் நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்போம். எழுதியவர் செல்வந்தரானது தொழிலாலா, இந்தப் புத்தகத்தை விற்றதாலா? அவர் சொல்லும் வழியில் எனக்கு இலாபம் வந்தால் நட்டம் யாருக்கு? சொல்லும் கணக்கைப் பென்சிலால் போட்டுப் பார்த்தால் சரிவருகிறதா? இந்தக் கதைக்குள் வராமல் விடப்பட்டவர்கள் யார்? இந்த நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு நூலை ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

எமது கல்லூரி நூலகத்தில் இவ்வகை நூல்களுக்கு ஓர் இடம் ஒதுக்கி, அவற்றின் பக்கத்திலேயே 'இஹ்யா'வின் தமிழ்ப் பகுதிகளையும் திருக்குறளையும் மத்திய வங்கியின் எச்சரிக்கைப் பிரசுரங்களையும் வைக்க வேண்டுமென்று பொறுப்பாசிரியரிடம் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நூல் தனியாக இருக்கும்போதுதான் வேதமாகிறது. மற்ற நூல்களோடு இருந்தால் அது ஒரு கருத்து மட்டுமே.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் மகளுக்கு வீட்டுக் கணக்கைக் காட்டுங்கள். எவ்வளவு வருகிறது, எவ்வளவு கடன் இருக்கிறது, யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதை அவள் அறிந்துகொள்ளட்டும். மறைப்பது அவளைப் பாதுகாப்பதாக நீங்கள் நினைக்கலாம். உம்மாவையும் அவரது பெற்றோர் அப்படித்தான் பாதுகாத்தார்கள். தோழியரே, அவர்களாகத் தரும்வரை காத்திராமல் இன்றிரவே கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டு லாச்சிக்குள்ளும் நிச்சயம் ஒரு கொப்பி கிடக்கும்.

– உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவி